பல் வேண்டாத எழுத்து

பெருமாநல்லூர் நால்ரோட்டில்
பேக்கரிக்கு மேல்மாடி என் கிளினிக்.
பல்வலிக்காரர் யாராயிருந்தாலும்
தேன் கேக் வாசத்தைத் தாண்டித்தான் படியேற வேண்டும்.
கட்டடக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன்.
"உங்களுக்கும் அது யாவாரந்தானுங்களே" என்றார்.

ஞாயிறு காலை. கம்பெனி லீவு.
சனிக்கிழமைச் சம்பளம் மடிப்புக் கலையாமல்
சென்னியப்பனின் சட்டைப் பையில் தெரிகிறது.
மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு புது அட்டை.
சர்க்கரை, பிரஷர், ஒத்துக்காத மாத்திரை,
எல்லாவற்றுக்கும் இல்லைங், இல்லைங்.
கடைசியாகப் பல் டாக்டரைப் பார்த்தது?
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

நிவிக்ஷாவுக்கு எட்டு வயது.
கடைவாய்ப் பால்பல்லில் மிளகளவு கறுப்பு.
"விழப்போற பல்லுக்குச் செலவெதுக்குங்?"
விழ இன்னும் மூன்று வருடம் இருக்கிறது,
அதுவரைக்கும் கீழேயிருந்து வருகிற பல்லுக்காக
இது பஸ்ஸில் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கிறது என்றேன்.
அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.
மகள் மட்டும் சுழலும் பிரஷ்ஷைத்
தன் கட்டைவிரல் நகத்தில் ஓடவிட்டுச் சோதித்தாள்.
பிறகுதான் வாயைத் திறந்தாள்.

சென்னியப்பன் பல்லில்
போர்வெல் தண்ணீர் எழுதிய பழுப்புக் கோடுகள்.
அதை அழிக்க முடியாது. மேலே கட்டிய காரையை எடுக்கலாம்.
"க்ளீன் பண்ணுனா பல்லு ஆடுமாமுங்?"
காரை தாங்கி நின்ற பல்
காரை போனதும் உண்மையைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

கோகிலாமணி காட்ட வந்தவள் இல்லை. கூட வந்தவள்.
மடியில் பை. எதற்கோ சிரித்தாள்,
அப்போதுதான் பார்த்தேன்.
மேல் முன்பல் விளிம்பில் சின்னதாய் ஒரு வெட்டு,
நூல் படுத்துக்கொள்கிற அகலம்.
"டெய்லருங்களா?"
"சிங்கருங். பதினெட்டு வருசமாச்சு."
கத்தரி மிஷினில் கட்டித்தான் தொங்குகிறதாம்.
எட்டி எடுக்க ஒரு நொடி.
பீஸ் ரேட்டில் அந்த நொடி அவளுடையதில்லை.
பல் பக்கத்தில் இருக்கிறது.

அந்த வெட்டை விடுங்கள். கீழே இடது கடைவாயில்
வேர்முனை வரைக்கும் சீழ்.
தக்காளி விலை கேட்டுத் திரும்புகிறவள் குரலில்
"புடுங்கீருங்" என்றாள்.
பிடுங்கினால் ஒரே நாள், ஐந்நூறு.
வேர் சிகிச்சை மூன்று ஞாயிறு, நாலாயிரம்,
அப்புறம் ஒரு தொப்பி.
அவள் பணத்தை எண்ணவில்லை,
ஞாயிறுகளை எண்ணினாள்.
ஒன்றில் யூனிபார்ம் துவைக்க வேண்டும்.
ஒன்றில் நாத்தனார் வீட்டுச் சீர்.
"வெச்சுக்கலாமுங்" என்றது சென்னியப்பன்.
பல்லையா, ஞாயிறையா என்று நான் கேட்கவில்லை.

ஊசி போட்ட ஐந்தாம் நிமிடம்
கீழுதடு அவளை விட்டுப் போனது.
ப போயிற்று. ம போயிற்று.
வாய்க்குள் என் இரண்டு விரல், பஞ்சு, எச்சில் குழாய்.
வலிக்குதா? "ங்ஹும்."
இன்னும் கொஞ்சம் திறங்க. "ங்."
நாங்குநேரியிலிருந்து வந்து ஆறு வருடம்,
ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால்
இந்த ஊர் ஏன் அதை வைக்கிறதென்று
அன்றைக்குத்தான் பிடிபட்டது.
உதடு வேண்டாம், பல்லும் வேண்டாம்.
நாக்கின் பின்பாதி எழுந்து அண்ணத்தைத் தொட்டால் போதும்,
மரியாதை வந்துவிடுகிறது.

இரண்டாம் ஞாயிறும் வந்தாள்.
மூன்றாம் ஞாயிறு மதியம் வரை காத்திருந்தேன்.
தற்காலிகச் சிமெண்டுக்கு அடியில்
நான் வைத்த பஞ்சு அவளோடு எங்கோ இருக்கிறது,
அது ரொம்ப நாள் தாங்காது.
போன் போட்டேன். பின்னால் வரிசையாய் மிஷின் சத்தம்.
"ஷிப்மெண்ட்டுங். அடுத்த வாரம் கண்டிப்பாங்."
இடதுபுறம் மெல்லவில்லையே? "இல்லைங்."
நூலைக் கடிக்கவில்லையே?

ஒரு மூச்சு நேரம்.
அந்த இடைவெளியில் சன்னமாக ஒரு 'டக்'.
கத்தரியாகவும் இருக்கலாம்.
"இல்லைங்" என்றாள்.